கௌரி வீட்டுத் தண்ணி

விமலநாதன் தண்ணீர் வடிகட்டும் மெசின் விற்கத் தொடங்கியபோது, "ஞாயிற்றுக்கிழமை வீட்டை வாருங்கோ" என்று அவர் கூப்பிட்ட ஒருவரும் மறுக்கவில்லை. மறுக்கக்கூடிய ஆளில்லை அவர். மொன்றியலுக்கு முதல் வந்து இறங்கிய தமிழர்களில் ஒருவர். அவர் சொல்லி வேலை கிடைத்தவர்கள், அவர் வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள், அவர் பொறுப்பெடுத்து ஊரிலிருந்து கூப்பிட்டவர்கள் என்று ஒரு கூட்டமே அவரைச் சுற்றி இருந்தது.

சிவாஜினியும் அந்தக் கூட்டத்துக்குள்தான். அவள் கணவன் கீர்த்திகன் விமலநாதனின் கடைசித் தம்பி. யுத்தம் முடிந்து முள்வேலி முகாமுக்குள் கிடந்தவனை வெளியே எடுத்து, கொழும்பில் வைத்துச் சாப்பாடு போட்டு, கனடாவுக்குக் கூப்பிட்டு விட்டவர் அண்ணன். "அண்ணை இல்லாட்டி நான் இல்லை" என்று கீர்த்திகன் சொல்லும்போது அது வாய்ப்பேச்சு இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

ஆகவே அவர்களும் தங்கள் வீடு இருந்த ரொக்ஸ்பரோவிலிருந்து அவர் வீடு இருந்த கர்க்லாண்டுக்குப் போனார்கள். பனி கரைந்து தெருவோரமெல்லாம் அழுக்கு நீர் ஓடிக்கொண்டிருந்த ஏப்ரல் மாதம். வரவேற்பறையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். விமலநாதனின் மனைவி ஜெயமதி ரோல்ஸ் தட்டைக் கொண்டு திரிந்தாள். மூலையில் கௌரியும் அவள் கணவன் பிருந்தனும், மடியில் நாலு மாதக் குழந்தையோடு. திருகோணமலைப் பிள்ளைகள். பார்க் எக்ஸ்ரென்சனில் விமலநாதனுக்குச் சொந்தமான ஒரு பழைய மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருப்பவர்கள்.

மேசையில் இரண்டு கண்ணாடிக் கிளாஸ்கள். ஒன்றில் குழாய்த் தண்ணீர். மற்றதில் மெசின் வடித்துக் கொடுத்த தண்ணீர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். விமலநாதன் ஒரு சின்னக் கருவியை எடுத்தார். அதிலிருந்து இரண்டிரண்டு உலோகக் குச்சிகள் கீழே நீட்டிக்கொண்டு நின்றன. அவற்றைக் கிளாஸ்களுக்குள் இறக்கி, கரண்டில் செருகினார்.

மெசின் தண்ணீர் அசையாமல் இருந்தது. குழாய்த் தண்ணீர் முதலில் மஞ்சளித்தது. பிறகு பழுப்பாகிக் கொதித்து, கடைசியில் கழிவு வாய்க்காலில் அள்ளினது மாதிரி மேலே நுரை கட்டி நின்றது.

"ஐயோ" என்றது ஒரு குரல்.

"இதைத்தான் நாங்கள் ஒவ்வொரு நாளும் குடிக்கிறம்" என்றார் விமலநாதன். சத்தம் போடவில்லை. துக்க வீட்டில் கதைக்கிற மாதிரித்தான் சொன்னார். "கண்ணுக்குத் தெரியாததை மெசின் காட்டுது. பெரியாக்களுக்குப் பரவாயில்லை. ஆனால் பால்மா கரைச்சுக் குடிக்கிற குழந்தைக்கு?"

எல்லோரும் கௌரியைப் பார்த்தார்கள். அவள் அந்தப் பழுப்புக் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தாள். பிருந்தன் குனிந்து, மாதம் மாதமாய்க் கட்டலாமோ என்று மெதுவாகக் கேட்டான். விமலநாதன் பேனையைத் திறந்தார்.

சிவாஜினி அதுவரை பேசாமல்தான் இருந்தாள். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் பல்கலைக்கழக விவசாயப் பீடத்தின் ஆய்வுகூடத்தில் மண்ணையும் தண்ணீரையும் அளப்பது அவள் வேலை. அந்தக் குச்சி வித்தை என்னவென்று அவளுக்குத் தெரியும். வீட்டுக்குப் போய்க் கீர்த்திகனுக்குச் சொல்லிச் சிரிக்கலாம் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் கௌரி கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனையை வாங்கக் கை நீட்டியபோது சிவாஜினி எழும்பிவிட்டாள்.

"அத்தான், கொஞ்சம் உப்பு எடுக்கலாமோ?"

"உப்பு என்னத்துக்குப் பிள்ளை?"

"உங்கட மெசின் தண்ணிக்குள்ள போட்டுப் பாக்க."

கீர்த்திகன் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தான். அவள் குசினிக்குப் போய், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்து வந்து, தெளிந்த கிளாஸில் போட்டாள். கருவியைத் திரும்பவும் செருகினாள். அந்தத் தண்ணீரும் மஞ்சளித்தது. பழுப்பானது. கொதித்தது. முதல் கிளாஸைவிட மோசமாக நுரைத்தது.

"ஊத்தை தண்ணியில இல்லை" என்றாள். "இந்தக் குச்சியில ஒண்டு இரும்பு. கரண்ட் ஓடினா இரும்பு கரையும். குழாய்த் தண்ணியில இயற்கையாக் கொஞ்சம் உப்பு, சுண்ணாம்பு இருக்கு. அதால கரண்ட் ஓடுது. மெசின் அதெல்லாத்தையும் எடுத்துப் போடுறதால ஓடுறதில்லை. அவ்வளவுதான். இளநியில வைச்சாலும் இப்பிடித்தான் வரும்."

ஜெயமதி தட்டோடு அப்படியே நின்றாள். விமலநாதனின் காது மடல் சிவந்தது.

"அப்ப தண்ணியில ஒரு பழுதும் இல்லையெண்டு உம்மால சொல்ல ஏலுமோ?"

"ஏலாது. அளந்து பாத்தால்தான் தெரியும்."

"பாத்தியளோ" என்று அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "அவவுக்கே தெரியாது."

"ஓம், தெரியாது. அதுதான் அளக்கோணும் எண்டுறன்."

ஆனந்தராசா என்ற வயதானவர் தொண்டையைச் செருமினார். "பிள்ளை, எங்கட வீட்டை ஜக்கில வடிச்சுத்தான் குடிக்கிறம். மகளின்ர வீட்டில குழாயில பூட்டின ஃபில்ரர். நான் ஊரிலையிருந்து கொண்டு வந்த பானை ஃபில்ரரும் ஒண்டு கிடக்கு. இதுகளில எது நல்லது?"

"எல்லாத்தையும் கொண்டு வாங்கோ ஐயா. தண்ணியும் கொண்டு வாங்கோ. விடிய எழும்பி, குழாயைத் திறந்த உடனை வாற முதல் தண்ணி. ஆருக்கு விருப்பமோ எல்லாரும் கொண்டு வாங்கோ. அளந்து சொல்லுறன்."

கௌரி பேனையை மேசையில் வைத்துவிட்டாள்.

*

கார் சென்-ஜோன் தெருச் சிவப்பு விளக்கில் நின்றபோது கீர்த்திகன் வெடித்தான்.

"நீர் அதைத் தனியக் கேட்டிருக்கலாம்."

"தனியக் கேட்டிருந்தா என்னைத் தனிய இருத்தி ரெண்டு கதை சொல்லி அனுப்பியிருப்பார். அதுக்குள்ள அந்தப் பிள்ளை கையெழுத்து வைச்சிருக்கும்."

"சபையில வைச்சு அண்ணையின்ர முகத்தில கரி பூசிப்போட்டீர்."

"நான் உப்புத்தான் போட்டனான்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டான். பிறகு இன்னும் கோபம் கூடியது. "உமக்கு விளங்காது சிவா. முகாமுக்குள்ள நான் இருக்கேக்க, உயிரோட இருக்கிறன் எண்டு நம்பின ஒரே ஆள் அவர்."

அது அவளுக்கு விளங்கும். ஆனால் சொன்னது பிழை என்று மட்டும் தோன்றவில்லை.

*

போத்தல்கள் வந்து சேர்ந்தன. ரொக்ஸ்பரோ வீட்டின் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். சிலர் விமலநாதனுக்குத் தெரியவேண்டாம் என்று பெயர் எழுதாமல் வைத்தார்கள். பிறகு ரெலிபோன் எடுத்து "அந்தப் பச்சை மூடி எங்கட" என்றார்கள். ஆனந்தராசா சாராயப் போத்தலில் கொண்டு வந்தார். நன்றாய்க் கழுவினது என்று சத்தியம் செய்தார். சிவாஜினி அதைச் சிங்கில் ஊற்றிவிட்டு ஆய்வுகூடத்துச் சுத்தமான போத்தலைக் கையில் கொடுத்து அனுப்பினாள்.

கௌரி தானே வந்தாள். பஸ் மாறி மாறி, குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, பார்க் எக்ஸ்ரென்சனிலிருந்து ரொக்ஸ்பரோவுக்கு.

"நாங்கள் தந்ததெண்டு அண்ணைக்குச் சொல்லாதேங்கோ அக்கா. அவரின்ர வீடு."

ஆய்வுகூடத்தின் பொறுப்பாளர் ஹென்றி, மீசை நரைத்த கெபெக்வா, அந்த மாகாணத்துப் பிரெஞ்சுக்காரர். பரீட்சைகள் முடிந்து அளக்கும் மெசின்கள் சும்மா கிடந்த நேரம். சிவாஜினி விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார். அந்தக் குச்சிக் கருவியோடு போன வருடம் தன் தாயிடமும் யாரோ வந்தார்களாம். "செய்" என்றார். "ஆனால் ஒழுங்காய்ச் செய். ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பி அள."

கர்க்லாண்டுத் தண்ணீரில் ஒன்றும் இல்லை. ரொக்ஸ்பரோவில் ஒன்றும் இல்லை. பியர்போன்ட்ஸில் ஒரு வீட்டில் கொஞ்சம் செம்பு இருந்தது, பயப்பட ஏதுமில்லை. இந்த வீடுகளில் எதற்குமே எந்த ஃபில்ரரும் தேவையில்லை. குளோரின் மணம் பிடிக்காவிட்டால் ஜக்கே போதும்.

கௌரியின் போத்தலில் ஈயம் இருந்தது.

அளக்கும் மெசினின் திரையைப் பார்த்தபோது சிவாஜினி முதலில் தன் கையைத்தான் சந்தேகித்தாள். போத்தலில் ஏதும் ஒட்டியிருந்ததோ என்று திருப்பி அளந்தாள். மூன்றாம் முறை ஹென்றியே அளந்தார். கனடாவில் இவ்வளவுக்குமேல் இருக்கக்கூடாது என்று சொல்லும் அளவைவிடப் பல மடங்கு. அந்தக் காலத்தில் தெருவிலிருந்து வீட்டுக்குத் தண்ணீர் கொண்டு வரும் குழாயை ஈயத்தில் போட்டிருந்தார்கள். மொன்றியலின் பழைய வீடுகளில் அது இன்னும் மண்ணுக்குள் கிடக்கிறது. இரவு முழுக்கத் தண்ணீர் அந்தக் குழாய்க்குள் நிற்கும். விடியற்காலையில் முதல் பால் கரைக்கத் தாய் குழாயைத் திறப்பாள்.

அவள் அந்த இடத்திலேயே ரெலிபோன் எடுத்தாள்.

"கௌரி, இப்பயிருந்து குழாய்த் தண்ணியில பிள்ளைக்குப் பால் கரைக்காதையும். கடையில போத்தல் தண்ணி வாங்கும்."

"நான் நல்லாக் கொதிக்க வைச்சுத்தானக்கா குடுக்கிறனான்."

"ஈயம் கொதிக்க வைச்சாப் போகாதம்மா. தண்ணிதான் வத்தும். அது அப்பிடியே இருக்கும்."

கௌரி, "நான் அவனுக்கு நல்லது எண்டு நினைச்சு நல்லாக் கொதிக்க விட்டனான்" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

அடுத்த நாள் சிவாஜினி ஒரு பெரிய கலனில் கௌரி வீட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ஆய்வுகூடத்துக்குப் போனாள். ஆனந்தராசா கேட்ட கேள்விக்கு இப்போதுதான் சரியான பதில் சொல்ல முடியும். அந்த ஈயத் தண்ணீரையே எல்லா ஃபில்ரருக்குள்ளாலும் விட்டாள்.

ஊரிலிருந்து வந்த பானை, உள்ளே வெள்ளைப் பீங்கான் குழல் வைத்தது, ஈயத்தை ஏறத்தாழ அப்படியே விட்டது. கலங்கலையும் கிருமியையும் பிடிப்பதற்கென்று செய்தது அது. கிணற்றுத் தண்ணீருக்கு நல்லது, இதற்கு உதவாது. ஆனந்தராசாவின் ஜக்கும் பெரிதாக ஒன்றும் பிடிக்கவில்லை. உள்ளே இருந்த கார்ட்ரிஜ் எப்போது மாற்றியது என்று அவருக்கே ஞாபகமில்லை. ஈயத்துக்கென்று பெட்டியில் எழுதியிருந்த புதுக் கார்ட்ரிஜை அவளே வாங்கிப் பூட்டிப் பார்த்தாள். அதே ஜக் முக்கால்வாசிக்கு மேல் பிடித்தது. குழாய் வாயில் பூட்டும் சின்ன ஃபில்ரர் அதையும்விட நல்லாய் வேலை செய்தது. கடைசியாக விமலநாதன் விற்கும் மெசின். அதைப் பணம் கட்டி வாங்கின ஒருவர் வீட்டில், அவர் சம்மதத்தோடு அந்தத் தண்ணீரை ஊற்றி வடித்து எடுத்தாள். அதில் ஈயம் இல்லை என்றே சொல்லலாம்.

அதைப் பார்த்தபோது அவளுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. அத்தானின் மெசின் பொய் இல்லை. அவர் சொன்ன காரணம்தான் பொய். தேவையில்லாத வீடுகளுக்கு அதை விற்றார். தேவையான ஒரு வீடு இருந்தது, அது அவருடைய சொந்த வீடு. அங்கே ஒன்றும் பூட்டியிருக்கவில்லை.

அங்கே ஈயம் இருப்பது அவருக்குத் தெரியாமல் இருக்கும் என்றுதான் அப்போது நினைத்தாள்.

*

அன்று பின்னேரமே பார்க் எக்ஸ்ரென்சனுக்குப் போய், குழாயில் பூட்டும் ஃபில்ரர் ஒன்றைக் கௌரியின் குசினியில் தானே பூட்டினாள். பிருந்தன் பக்கத்தில் நின்று கையைப் பிசைந்தான்.

"அண்ணை கோவிப்பாரே அக்கா? எங்களை எழுப்பிப் போட்டால் இந்த வாடகைக்கு எங்கை வீடு?"

"உங்கட பிள்ளையைவிட அவரின்ர கோவமோ பெரிசு?" என்றாள் கௌரி. பிருந்தன் திடுக்கிட்டுத் திரும்பினான். அவள் அப்படிக் கதைத்து அவன் கேட்டதில்லை போலிருக்கிறது. "நாளைக்கு இவனைக் கொண்டுபோய் ரத்தம் எடுக்கப்போறன். நீங்கள் வேலைக்குப் போங்கோ. நான் போவன்."

இரத்தத்தில் ஈயம் கொஞ்சம் இருந்தது. டொக்டர் பெண் கவனமாகச் சொன்னாள்: தண்ணீரை நிறுத்தினால் குறையும், சில மாதங்களில் திரும்பப் பார்ப்போம், பால் நன்றாகக் குடிக்கிறான், குப்புறப் புரளப் பார்க்கிறான், அதெல்லாம் நல்லது. கௌரி அழவில்லை. வெளியே வந்து சிவாஜினிக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னாள். பிறகு விமலநாதனுக்கு எடுத்து, "அண்ணை, பைப்பை மாத்தித் தாங்கோ. இல்லாட்டி நான் சிற்றிக்கு, நகரசபைக்கே அறிவிப்பன்" என்றும் சொன்னாள்.

*

சனிக்கிழமை மத்தியானம் விமலநாதனும் ஜெயமதியும் ரொக்ஸ்பரோவுக்கு வந்தார்கள். சொல்லாமல் வந்தார்கள். கீர்த்திகன் ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். ஜெயமதி கோட்டைக் கழற்றாமலே சோபாவின் நுனியில் இருந்தாள்.

"கௌரிக்கு நீ என்ன சொன்னனி?"

எப்போதும் "நீர்" என்றே அவளோடு கதைப்பவர். "நீ" என்றது கீர்த்திகனுக்கும் கேட்டது.

"அளந்ததைச் சொன்னனான் அத்தான்."

"அந்தப் பிள்ளை என்னை வெருட்டுது. என்ர வீட்டில இருந்துகொண்டு." அவர் மூச்சை இழுத்து விட்டார். குரலைத் தணித்தார். "சரி. நடந்தது நடந்துபோச்சு. அங்கை நானே ஒரு மெசின் பூட்டிவிடுறன். சும்மா. ஒரு சதம் வேண்டாம். நீ அந்தச் சனத்துக்கு, நான் அளந்ததில பிழை வந்திட்டுது எண்டு ஒரு வார்த்தை சொல்லு. அதோட கதை முடிஞ்சுது."

"பிழை வரேல்லையே."

"எனக்காகச் சொல்லு."

"மேல் வீட்டில இருக்கிறவைக்கு என்ன பூட்டப் போறியள்?"

மேல்தளத்தில் ஹெயிற்றியிலிருந்து வந்த ஒரு தாயும் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள்.

"அவைக்கு ஆர் சொன்னது?"

"இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை. நாளைக்கு நான் போய்ச் சொல்லப்போறன்."

விமலநாதன் எழும்பினார். "விசர்க் கதை கதையாதை. பைப் மாத்திறதெண்டால் தெருவிலையிருந்து வீட்டு நிலம் வரைக்கும் கிண்டோணும். போன வருசம் சிற்றிக்காரன் வந்து சொன்ன நேரமே அதைத் தொடங்கியிருந்தால் நான் இண்டைக்கு..."

நிறுத்திக்கொண்டார்.

கீர்த்திகன் நிமிர்ந்து பார்த்தான். "போன வருசமோ அண்ணை?"

"போன வருசம் கௌரி வயித்தில பிள்ளையோட இருந்தவள்" என்றாள் சிவாஜினி. "உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு, அந்தப் பிள்ளைக்கே மெசின் விக்கப் பாத்தியள். உங்கட வீட்டுத் தண்ணிக்கு அவளிட்டைக் காசு."

"ஈயம் குடிச்சு ஆர் செத்தது?" விமலநாதன் கத்தினார். "நாங்கள் வந்த காலத்திலை அந்த வீட்டிலைதான் இருந்தனாங்கள். பதினைஞ்சு பேர். அந்தத் தண்ணிதான் குடிச்சனாங்கள். இவள் அங்கைதான் பிள்ளை பெத்தவள், அந்தத் தண்ணியிலதான் கரைச்சுக் குடுத்தவள். என்ன நடந்தது? ஒண்டும் நடக்கேல்லை!"

ஜெயமதி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் இல்லாட்டி நீங்கள் இரண்டு பேரும் இந்த நாட்டில நிண்டு என்னோட இப்பிடிக் கதைப்பியளோ?"

"மாட்டம் அத்தான். இவரை நீங்கள் காப்பாத்தினது எனக்குச் சாகுமட்டும் மறக்காது. உங்களுக்கு என்ன வருத்தம் வந்தாலும் நான் வந்து பாப்பன், சமைச்சுத் தருவன், கழுவித் துடைப்பன். ஆனால் பிழை வந்திட்டுது எண்டு சொல்லமாட்டன். ஒரு நாளும் சொல்லமாட்டன்."

"அப்ப இனி என்ர வீட்டு வாசலை மிதியாதை."

அவள் தலையை ஆட்டினாள். "சரி."

விமலநாதன் தம்பியைப் பார்த்தார். கீர்த்திகன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியில் போய், கொழுவியிலிருந்து அண்ணனின் கோட்டை எடுத்து, பின்னால் பிடித்து, அவர் கைகளை நுழைக்க உதவினான். சின்ன வயதிலிருந்து செய்துவந்த மரியாதையோடு செய்தான். பிறகு, "நாளைக்கு இவவோட நானும் போறன் அண்ணை. மேல் வீட்டுக்கு" என்றான்.

அண்ணன் போனபின் அவன் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். குழாய் திறந்தபடி வெகுநேரம் ஓடியது. சிவாஜினி தட்டவில்லை.

*

மேல் வீட்டுத் தாய் சிவாஜினியின் உடைந்த பிரெஞ்சை முழுதும் கேட்டாள். இரண்டு கேள்வி கேட்டாள். உடனே கீழே இறங்கி வந்து, கௌரியின் குசினியில் நின்றபடி சிற்றிக்கு ரெலிபோன் எடுத்தாள். அவளுடைய பிரெஞ்சு மழை மாதிரிக் கொட்டியது. கௌரிக்கு அதில் பாதி விளங்கவில்லை. ஆனாலும் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு வசனத்துக்கும் தலையாட்டினாள்.

அதன்பிறகு வந்த மாதங்கள் லேசாக இருக்கவில்லை. விமலநாதனின் பேத்தியின் பிறந்தநாளுக்கு அழைப்பு வரவில்லை. தமிழ்க் கடையில் மரக்கறி பொறுக்கிக்கொண்டிருந்தபோது, தெரிந்த ஒரு பெண் அவளைக் கண்டு அடுத்த வரிசைக்குப் போனாள். "கனடாவுக்கு எடுத்துவிட்டவருக்கே எதிராக் கதைச்சவள்", "படிச்ச திமிர்" என்று கோயிலில் பேசிக்கொண்டது காதுக்கு வந்தது. சிவாஜினி கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. முன்வரிசையில் போய் இருந்தாள். யார் தண்ணீரைப் பற்றிக் கேட்டாலும் பதில் சொன்னாள்: முதலில் அளவுங்கோ, பேந்து வாங்குங்கோ, ஈயம் இருந்தால் ஈயம் பிடிக்கும் எண்டு பெட்டியில போட்டதை வாங்குங்கோ, கார்ட்ரிஜை நேரத்துக்கு மாத்துங்கோ, ஒண்டும் இல்லாட்டிச் சும்மா குழாயைத் திறந்து குடியுங்கோ. ஆனந்தராசா இதைத் தன் கண்டுபிடிப்பு மாதிரி எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார். ஞாயிற்றுக்கிழமை மெசின் கூட்டங்களுக்கு ஆட்கள் குறைந்தார்கள்.

ஒரு நாள் காலையில், விமலநாதன் வெளியே போயிருந்த நேரம், ஜெயமதி ரெலிபோன் எடுத்தாள். சாப்பிட்டீரோ, கீர்த்தி சுகமோ என்று சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு கேட்டாள்.

"எங்கட பெரியவனை உமக்குத் தெரியும்தானே. படிப்பே ஏறேல்லை அவனுக்கு. பேச்சும் பிந்தித்தான் வந்தது. நாங்கள் அடிச்சுப் பாத்தம், கோயிலுக்கு நேத்தி வைச்சுப் பாத்தம். அது அந்தத் தண்ணியாலையோ சிவா?"

இல்லை என்று சிவாஜினி சொல்லிவிடலாம். சொன்னால் அந்த மனுசி நிம்மதியாய் நித்திரை கொள்வாள்.

"தெரியாதக்கா. இருந்தாலும் இருக்கும். இல்லாமலும் இருக்கும். இனி அதை ஒருத்தராலையும் சொல்ல ஏலாது."

"ம்."

"உங்களில ஒரு பிழையும் இல்லையக்கா. உங்களுக்கு அப்ப ஒருத்தரும் சொல்லேல்லை."

"ஓம்" என்றாள் ஜெயமதி. "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை." பிறகு, "அந்த வீடு என்ர பேரிலைதான் கிடக்கு. வரிக்காக அவர் எழுதி விட்டவர். பைப் மாத்தச் சொல்லிச் சிற்றிக்காரருக்கு நான் கையெழுத்து வைச்சால் காணும்தானே?"

"காணும் அக்கா."

"அப்ப சரி."

*

செப்டெம்பரில் கிண்டினார்கள். தெருவை மறித்துச் செம்மஞ்சள் கூம்புகள் வைத்து, நடைபாதையை உடைத்து, வீட்டு வாசல் வரை பள்ளம் வெட்டினார்கள். சிவாஜினி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். கௌரி பல்கனியில் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவன் கிண்டும் மெசினைப் பார்த்துக் கையைக் காலை அடித்தான். இரண்டாம் முறை எடுத்த இரத்தத்தில் ஈயம் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. மேல் வீட்டுத் தாய் வேலையாட்களுக்குக் கோப்பி போட்டு இறக்கினாள். ஜெயமதி தன் காரில் தனியாக வந்து, பல்கனியில் கௌரிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

பள்ளத்துக்குள் நின்ற வேலையாள் ஒரு துண்டுக் குழாயை மேலே எறிந்தான். சாம்பல் நிறத்தில் பார்ப்பதற்குச் சாதாரணமாகத்தான் இருந்தது. அவன் கத்தியால் ஒரு கீறு கீறிக் காட்டினான். கீறின இடம் வெள்ளி மாதிரி மினுங்கியது.

அப்போதுதான் தெருவின் மறுபக்கத்தில் விமலநாதன் நிற்பதை சிவாஜினி கண்டாள். எப்போது வந்தாரென்று தெரியாது. காற்சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு, பள்ளத்தையும், பல்கனியில் இருந்த தன் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். சிவாஜினி தெருவைக் கடந்து போனாள். கிட்டப் போனபோது அவர் வயதானவராகத் தெரிந்தார்.

"வாங்கோ அத்தான்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. "என்ர வீட்டைக் கிண்டி, என்ர மனுசியை எனக்கு எதிராத் திருப்பி, சனத்துக்கு முன்னால என்னை நாறடிச்சு... இப்ப உனக்குச் சந்தோசமோ?"

இல்லை என்று சொல்வாள் என்று அவர் எதிர்பார்த்திருப்பார். மன்னிப்பு மாதிரி ஏதும், கஷ்டமாய் இருக்கு அத்தான் என்பது மாதிரி ஏதும். கஷ்டமாயும்தான் இருந்தது. ஆனால் அவர் அதைக் கேட்கவில்லை.

"ஓம் அத்தான்" என்றாள். "சந்தோசம்தான்."

அவர் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு திரும்பித் தன் காரை நோக்கி நடந்தார். அவள் அவரைக் கூப்பிடவில்லை. பள்ளத்துக்குள் புதுக் குழாயை இறக்கத் தொடங்கியிருந்தார்கள். நல்ல செம்புக் குழாய். எந்த வழியால் உள்ளே வருகிறது என்று பார்க்க, அவள் வேலையாட்களுக்குக் கிட்டப் போய் நின்றாள்.